டிவிடி மேல் காகித ஸ்டிக்கர்: ஒட்டலாமா, கூடாதா?

மண்டப வீடியோ:
கல்யாண வீடியோ இப்போது பெரும்பாலும் பென்டிரைவில்தான் போகிறது. ஆனாலும் வீட்டுப் பெரியவர்கள் டிவிடியும் கேட்கிறார்கள். மணமக்கள் படம், பெயர், தேதி போட்டு ஏ4 ஸ்டிக்கர் தாளில் லேசர் பிரிண்டரில் அடித்து ஒட்டிக் கொடுக்கலாம் என்று யோசனை. ஒட்டினால் டிஸ்க் கெட்டுவிடும் என்கிறார் ஒருவர், ஒன்றும் ஆகாது என்கிறார் இன்னொருவர். எது சரி? ஒட்டுவதானால் பர்ன் செய்வதற்கு (டிஸ்க்கில் பதிவை எழுதுவதற்கு) முன்பா, பின்பா? நாதஸ்வரப் பதிவை ஆடியோ சிடியாகவும் கொடுப்போம். அதற்கும் இதே பதில்தானா?

பழைய டிரைவ்:
சிடிக்கும் டிவிடிக்கும் பதில் வேறு வேறு சார்.

சிடியின் கனம் 1.2 மி.மீ. கிட்டத்தட்ட அந்தக் கனம் முழுவதும் லேசர் நுழையும் அடிப்பக்கத்து பிளாஸ்டிக்தான். அதற்கு மேலே பதிவு விழும் சாயப் படலம், அதன் மேல் வெள்ளிப் பூச்சு, கடைசியாகச் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒன்று) கனத்துக்கு லாக்கர் என்ற காப்புப் பூச்சு. அதாவது நாம் பெயர் எழுதுகிற பக்கத்துக்கு நேர் கீழே பதிவு இருக்கிறது. ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தால் லாக்கரோடு வெள்ளிப் பூச்சும் சேர்ந்து வரும். டிஸ்க்கை விளக்குக்கு நேரே பிடித்தால் அந்த இடத்தில் அப்பால் இருப்பது தெரியும். அங்கே இருந்த பாட்டை எந்த சாஃப்ட்வேரும் மீட்காது.

டிவிடி என்பது 0.6 மி.மீ. தகடுகள் இரண்டை ஒட்டியது, பதிவு நடுவில் இருக்கிறது. பிய்த்தாலும் பூச்சு பெயராது. அதன் பிரச்சினை வளைவு. காகிதம் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். பிளாஸ்டிக் அந்த அளவுக்கு அசையாது. ஒரு பக்கம் மட்டும் காகிதம் இழுப்பதால் டிஸ்க் வெயிலில் வைத்த அப்பளம் மாதிரி ஓரம் தூக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு தூக்கினாலே போதும். பதிவு ஓடும் தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி சிடியில் 1.6 மைக்ரான், டிவிடியில் 0.74தான். லேசர் கொஞ்சம் சாய்ந்து விழுந்தாலும் டிவிடி தடுமாறிவிடும்.

டிஸ்க்கை உள்ளிருந்து வெளிப்பக்கமாகத்தான் டிரைவ் படிக்கிறது. வளைவு அதிகம் தெரிவது வெளி ஓரத்தில். படம் ஓட ஓட டிரைவின் சூட்டில் காகிதமும் காய்ந்து இன்னும் இழுக்கும். முந்தின நாள் ரிசப்ஷன் அழகாக ஓடும், தாலி கட்டும் நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். ஸ்டிக்கர் ஒட்டிய டிவிடிகளில் வரும் புகார் பெரும்பாலும் இந்த வகைதான்.

அமெரிக்காவின் தர, அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 2003இல் வெளியிட்ட பராமரிப்பு வழிகாட்டியும், நெடுங்காலம் வைக்க வேண்டிய டிஸ்க்குக்கு ஒட்டும் லேபிள் வேண்டாம் என்றே சொல்கிறது. கல்யாண டிவிடியை வீட்டில் முப்பது வருஷம் வைத்திருப்பார்கள். என் பதில்: ஒட்டாதீர்கள்.

நெல்லை எடிட்டர்:
மேலே சொன்ன கோளாறுகளை மறுக்கவில்லை. ஆனால் ஸ்டிக்கரை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். கையில் இருக்கும் லேசர் பிரிண்டரே போதும், எந்த டிஸ்க்கிலும் ஒட்டலாம், ஈரக் கை பட்டாலும் எழுத்து கலையாது. சில மாதம் பார்த்துவிட்டு வைக்கப்போகிற பிரதிக்கு அது தாராளம். ஒட்டுகிற முறை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பர்ன், அப்புறம் வெரிஃபை (எழுதியது சரியா என்று படித்துச் சரிபார்ப்பது), அதற்குப் பிறகுதான் ஸ்டிக்கர். ஒட்டிய டிஸ்க்கில் பர்ன் செய்தால் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது எழுதும் லேசர் தடுமாறும். அந்தப் பிழை டிஸ்க்கிலேயே நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

தாள் டிஸ்க்குக்கென்றே வெட்டி வருவதாக இருக்கட்டும்: வெளி விட்டம் 117 மி.மீ., நடு ஓட்டை 41 மி.மீ. ஓட்டை பெரிதாக இருந்தால் டிரைவ் டிஸ்க்கைப் பிடிக்கும் இடத்தில் காகிதம் வராது. லேசர் பிரிண்டருக்கு லேசர் தாள்தான். இங்க்ஜெட் தாளை லேசரில் விட்டால் சூட்டில் பசை கசிந்து பிரிண்டரின் டிரம் வரை போகும். அடித்த தாள் சுருண்டிருந்தால் கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துத் தட்டையாக்கிய பிறகு ஒட்டுங்கள்.

கையால் ஒட்டவே வேண்டாம். நடுவில் தண்டு உள்ள அப்ளிகேட்டர் கிடைக்கும். பசைப் பக்கம் மேலே தெரியும்படி ஸ்டிக்கரை வைத்து, டிஸ்க்கின் மேல்பக்கம் கீழே பார்க்கும்படி தண்டில் மாட்டி, ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். பிறகு மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். கோணலாக விழுந்துவிட்டதா? உரித்துத் திருப்பி ஒட்டாதீர்கள், வேறு டிஸ்க் பர்ன் செய்யுங்கள்.

சின்னச் சதுரமாகவோ பட்டையாகவோ வெட்டி ஒரு ஓரத்தில் ஒட்டுவதுதான் இருப்பதிலேயே மோசம். கம்ப்யூட்டர் டிரைவ் 16எக்ஸில், அதாவது படிக்கும் வேகம் 16 மடங்காகும்போது, நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றைத் தொடும். அந்தச் சுற்றில் ஒரு பக்க எடை டிரைவையே உதறும். டிவி பிளேயர் 1எக்ஸில் மெதுவாகச் சுற்றுவதால் அங்கே ஒன்றும் தெரியாது. 'டிவியில் ஓடுது, கம்ப்யூட்டரில் ஓடலை' என்பதற்குக் காரணம் பாதி நேரம் இதுதான்.

இன்னொன்று, 4.7 ஜிபி டிஸ்க்கை நிரப்பாதீர்கள். 4 ஜிபியோடு நிறுத்தினால் வெளி ஓரத்தில் மூன்று மி.மீ.க்கு மேல் காலியாக இருக்கும். வளைவு அதிகமாகும் இடத்தில் பதிவே இல்லை என்றால் பாதிப் பிரச்சினை போச்சு.

கார் பிளேயர், டிரே இல்லாமல் உறிஞ்சி இழுக்கும் லேப்டாப் டிரைவ் இரண்டிலும் ஸ்டிக்கர் டிஸ்க்கைப் போட வேண்டாம் என்று கவரிலேயே அச்சடித்துக் கொடுங்கள். சூட்டில் பசை இளகி ஓரம் கிளம்பினால் டிஸ்க் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அச்சு மூலை:
அதற்கு இங்க்ஜெட் பிரிண்டபிள் டிஸ்க் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லையே. மேல்பக்கம் வெள்ளையாக இருக்கும். எப்சன் எல்805, எல்8050 மாதிரி சிடி டிரே உள்ள பிரிண்டரில் நேரடியாக அடிக்கலாம். வாங்கும்போது நடுவரை அச்சாகும் ரகமா என்று பாருங்கள். அந்த ரகத்தில் அச்சுப் பகுதி ஏறக்குறைய 22 முதல் 118 மி.மீ. விட்டம் வரை இருக்கும். விட்டத்தைத் தவறாகக் கொடுத்தால் மை டிரேயில் படிந்து அடுத்த டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் ஒட்டும். நீர் தாங்கும் பூச்சு இல்லாத சாதாரண டிஸ்க்கில் மை ஈரத்துக்குக் கரையும், 24 மணி நேரம் காயவிட்டு அப்புறம் கவரில் போடுங்கள். அதுவரை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள். லேசர் பிரிண்டரில் டிஸ்க்கை விடவே முடியாது என்பதால் இது உங்களுக்கு ஒரு தனிச் செலவுதான்.

டிரைவின் லேசராலேயே மேல்பக்கத்தில் படம் வரையும் லைட்ஸ்க்ரைப் பற்றி யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். டிஸ்க்கே கிடைப்பதில்லை.

ஐந்தாறு பிரதிதான் என்றால் நீர் மையுள்ள சிடி மார்க்கர் போதும். நடுவில் ஒளி ஊடுருவும் வளையத்தில் எழுதினால் பதிவுக்குத் தொடர்பே இல்லை. பால்பாயின்ட் பேனா சிடிக்கு ஆகாது. முனை அழுத்தமே லாக்கரைத் தாண்டிவிடும்.

மண்டப வீடியோ:
நன்றி. சிடிக்கு மார்க்கர், டிவிடிக்கு பிரிண்டபிள் என்று முடிவு செய்துகொண்டேன். முன்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்த ஒரு டிவிடி பாதியில் நிற்கிறது என்று திரும்பி வந்திருக்கிறது. மூல ஃபைல் இல்லை. ஸ்டிக்கரை ஊறவைத்து உரித்துப் பார்க்கலாமா?

பழைய டிரைவ்:
தொடவே தொடாதீர்கள். உரிக்கும்போது டிஸ்க் மடங்கினால் இரண்டு தகடுகளும் நடுவில் விட்டுப்போகும். பாதி உரிந்தால் எடை இன்னும் மோசமாகச் சாயும். தண்ணீர் ஒட்டு வழியாக உள்ளே இறங்கும்.

ஸ்டிக்கரின் ஓரம் தூக்கியிருந்தால் அழுத்தி ஒட்டிவிட்டு, டெஸ்க்டாப்பில் உள்ள டிரே டிரைவில் போடுங்கள். வேகத்தை 4எக்ஸ் அல்லது அதற்கும் கீழே இறக்குங்கள். ஃபைலாகக் காப்பி செய்யாமல் ஐசோபஸ்டர் என்ற மீட்பு சாஃப்ட்வேரில் முழு இமேஜாக (டிஸ்க்கின் அப்படியே நகலாக) எடுங்கள். லினக்ஸ் தெரிந்தால் டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி இன்னும் நல்லது: செக்டர் (டிஸ்க்கில் ஒரு தடவை படிக்கும் சிறு துண்டு) அளவு 2048 பைட் கொடுத்து, முதல் சுற்றில் அடம்பிடிக்கும் இடங்களை விட்டுவிட்டு ஓட்டுங்கள். எங்கே படித்தது, எங்கே விட்டது என்று அது எழுதும் மேப் ஃபைலைப் பத்திரமாக வைத்திருந்து, டிஸ்க்கை வேறொரு கம்பெனி டிரைவில் போட்டு அதே மேப் ஃபைலோடு மறுபடி ஓட்டினால் விடுபட்ட செக்டர்களை மட்டும் தேடி நிரப்பும். ஒரு டிரைவுக்குப் பிடிக்காத வளைவு இன்னொன்றுக்கு ஒத்துப்போவது உண்டு. டிரைவ் சூடானதும் நிறுத்தி, ஆறவிட்டுத் தொடருங்கள்.