எண்ணப் பதிவேட்டில் ‘ஆதாரம்’ கட்டம் வந்தாலே பேனா நின்றுவிடுகிறது

வணக்கம். மலேசியாவின் கிள்ளானில் தமிழ் இளையோருக்கான ஆதரவுக் குழு. எட்டுப் பேர், வயது 19 முதல் 26, வாரம் 90 நிமிடம், இப்போது ஆறாவது வாரம். எல்லோருக்கும் ஒரே காயம்: வாடகை அறை தேடிப் போன் செய்து பெயரைச் சொன்னதும் “சாரி, ரூம் போயிருச்சு”. அதே விளம்பரம் மறுநாளும் அப்படியே கிடக்கும்.

தூக்கம் மூன்று, நான்கு மணி நேரம்தான். வயிற்றைப் பிசைகிறது, தெரியாத எண் அழைத்தால் கை நடுங்குகிறது. இருவர் வேலை விண்ணப்பத்திலும் பெயரைச் சுருக்கிவிட்டார்கள். உயிராபத்தோ கடுங்காயமோ பாலியல் வன்முறையோ இல்லாததால் மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு இதை பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) கணக்கில் சேர்க்காது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் கார்ட்டர் 2007-இல் முன்வைத்த, இனப் பாகுபாடும் மனக்காயம் தரும் என்னும் இனவழி மன அதிர்ச்சிச் சட்டகம்தான் பொருந்துகிறது.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாள் எடுத்தாயிற்று. சோர்வின் அளவு தெரிகிறது, ஆனால் பாகுபாடு பற்றி அதில் ஒரு கேள்விகூடக் கிடையாது. நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடும் பயிற்சி, படுக்குமுன் 5 நிமிடம்: தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை.

சிக்கல் சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளச்சிகிச்சை) எண்ணப் பதிவேட்டில்தான்; மனதை வாட்டும் எண்ணத்தை எழுதி, அதற்கு ஆதரவான, எதிரான ஆதாரங்களை எடைபோடும் தாள் அது. “இதற்கு எதிரான ஆதாரம்” என்ற கட்டத்தில் ஒருவர் “அப்ப நான் பொய் சொல்றேனா?” என்று எழுதிவைத்தார். நியாயம்தானே! நடந்தது நடந்ததுதான், சோதிக்க வேண்டியது “நான் மட்டம்” என்ற முடிவை மட்டும். கட்டத்தையே நீக்கிப் பார்த்தோம், அந்த முடிவு அசையாமல் உட்கார்ந்துகொண்டது.

சம்பவத்தைச் சந்தேகிக்காமல், தன்னைப் பற்றிய அந்த முடிவை மட்டும் சோதிக்க, அந்தக் கட்டத்தில் பேச்சுத் தமிழில் என்ன கேள்வி வைக்கிறீர்கள்?