ரெப்ளிகேஷனுக்குப் ‘படியெடுப்பு’ போதும், ‘ஒத்திசைவு’ வேண்டாம்

எல்லாருக்கும் வணக்கம்.

பேக்கப் சர்வர் திரைகளைத் தமிழாக்கும்போது வரும் ‘ரெப்ளிகேஷன்’, அதாவது ஒரு சர்வரில் இருப்பதை இன்னொன்றிலும் அப்படியே வைப்பது, என்பதற்கு நம் குழுவில் இதுவரை ஒத்திசைவு, இரட்டிப்பு, நகலாக்கம், பிரதியாக்கம் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. மற்ற மூன்றைப் பற்றி எப்படி வேண்டுமானாலும் பேசலாம், ஒத்திசைவை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரண்டு சர்வர்கள், ஒன்று அலுவலகத்தில், இன்னொன்று வேறு ஊரில். தினமும் இரவு 2 மணிக்கு ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் நிரல் ஓடி இங்கே இருப்பதை அங்கே கொண்டுபோகும். இடையில் அவசரமென்றால் அழுத்துவதற்கு எங்கள் அலுவலக உள் இணையப்பக்கத்தில் ஒரு பொத்தான். அதற்கு ‘இப்போது ஒத்திசை’ என்று பெயர் வைத்தவன் நான்தான். ஒருநாள் அலுவலக சர்வரில் டிஸ்க் போய்விட்டது. புது டிஸ்க் போட்டார்கள், கோப்புறை காலியாக இருந்தது. பணியில் இருந்த தம்பி, அந்தப் பக்கம் எல்லாம் பத்திரமாக இருக்கிறதே, ஒத்திசைத்தால் இங்கேயும் வந்துவிடும் என்று நினைத்து அழுத்திவிட்டான். ஆர்சிங்கில் டிலீட் சுவிட்ச் போட்டிருந்தது, அதாவது மூலத்தில் இல்லாதது சேருமிடத்திலும் இருக்கக்கூடாது. லாகில், அதாவது நடப்பதைப் பதியும் கோப்பில், ‘டிலீட்டிங்’, ‘டிலீட்டிங்’ என்று வரி வரியாக ஓட ஆரம்பித்தபோதுதான் அவனுக்கு முகம் வெளுத்தது. அந்தப் பக்கம் செட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, அன்று காலை இருந்த நிலையை அப்படியே பிடித்துவைத்த ஸ்னாப்ஷாட் ஒன்று அதில் இருந்தது, அதனால் எல்லாம் திரும்பக் கிடைத்தது.

அவன் தமிழைத் தப்பாகப் படிக்கவில்லை. ஒத்திசைவு என்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று இசைந்து போவது, சுருதி சேர்வது மாதிரி. எது எதைப் பார்த்து மாறுகிறது என்று அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை. செல்போனில் தொடர்பு எண்களை இரு பக்கமும் சேர்ப்பதற்கு அது பொருத்தமான சொல், அங்கேயே இருக்கட்டும். ரெப்ளிகேஷனில் பெரும்பாலும் ஒரு பக்கம் மூலம், மறுபக்கம் அதன் படி. இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் பேக்கப்பே போய்விடும்.

இரட்டிப்பைப் பற்றி. நம் பாடப்புத்தகங்களில் ‘டி.என்.ஏ இரட்டிப்பாதல்’ என்று இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொன்னார்கள். அங்கே பழைய இழை இரண்டும் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு புது இழையோடு சேர்கிறது, முடிவில் இதுதான் மூலம், இதுதான் படி என்று எதையும் காட்ட முடியாது. உயிரியலுக்கு அது சரியான சொல். சர்வருக்கு ஆகாது, அதுவும் மூன்று இடத்தில் வைத்திருப்பவர்கள் இரட்டிப்பு என்றால் என்ன நினைப்பார்கள்? ‘நகலெடு’ ஏற்கனவே கோப்பு மெனுவில் காப்பிக்கு உட்கார்ந்துவிட்டது. பிரதியாக்கம் மோசமில்லை, ஆனால் வினையாக்கினால் ‘பிரதியாக்கம் செய்யவும்’ என்று நீண்டு பொத்தானுக்குள் அடங்காது.

என் பரிந்துரை படியெடுப்பு. கையெழுத்துப்படி, அச்சுப்படி, மூலப்படி என்று நாம் எப்போதும் சொல்வதுதான். ஏட்டுச்சுவடிக்காரர்கள் செய்ததும் இதே வேலை, மூலத்தில் ஒரு வரி விட்டுப்போனால் படியிலும் அந்த வரி இருக்காது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியைப் பதிப்பிக்கப் பல படிகளைத் தேடி ஒப்பிட்டது அதனால்தானே. ரெப்ளிகேஷனும் அப்படித்தான், நல்லதோடு சேர்த்து மூலத்தின் தப்பையும் அழிவையும் கொண்டுபோகும். பழைய நிலைக்குத் திரும்ப உதவுவது காப்பு, அது வேறு சொல்லாகவே இருக்கட்டும்.

சர்வர்களுக்கும் பெயர் தானாகக் கிடைக்கிறது: மூல சர்வர், படி சர்வர். படி சர்வரை முன்பு ‘ஸ்லேவ்’ (அடிமை) என்பார்கள். தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் 8.0.22இல், 2020இல், ‘ஸ்டார்ட் ஸ்லேவ்’ கட்டளையை ‘ஸ்டார்ட் ரெப்ளிகா’ என்று மாற்றிவிட்டார்கள். ஆகவே ‘அடிமை’ என்று யாரும் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இனி இல்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ‘எடு’ என்ற வினைதான். படி சர்வர் தானே போய் இழுத்துக்கொண்டால் படியெடு, மூல சர்வர் தள்ளினால் படியனுப்பு. ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரில் முதலில் இழுப்பது மட்டும்தான் இருந்தது, 2024இல் வந்த 3.3இல் தள்ளுவதும் சேர்ந்தது. அலுவலகப் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் வரும் ‘ரெப்ளிகேட் நவ்’ இழுக்கிற வகை, பல பேர் அதைத் தள்ளுவது என்று நினைத்துத் தப்பான சர்வரில் போய் அழுத்திவிட்டு எதுவும் வரவில்லையே என்று காத்திருப்பார்கள். தமிழில் வினையே திசையைச் சொல்லிவிடும்.

அப்புறம் ‘மேனுவலாக’. எல்லா இடத்திலும் ‘கைமுறையாக’ என்று போடுகிறோம். கோப்புகளை யாரும் கையால் தூக்கிப்போவதில்லை, வேலையைச் செய்வது சர்வர்தான், அட்டவணைக்குக் காத்திராமல் ஓர் ஆள் தொடங்கிவைக்கிறார், அவ்வளவுதான். அதே ஆக்டிவ் டைரக்டரியில் ஊர்விட்டு ஊர் படியெடுப்பு, நாம் மாற்றாவிட்டால், 180 நிமிடத்துக்கு ஒருமுறை. அதுவரை பொறுக்க முடியாதவர் அழுத்துகிற பொத்தானில் ‘இப்போதே படியெடு’ என்று இருந்தால் போதும். லாகில் மட்டும் இரண்டையும் பிரித்துக் காட்டலாம்: ‘அட்டவணைப்படி தொடங்கியது’, ‘பயனர் தொடங்கினார்’.

அழுத்தியதும் கேட்கும் கேள்வியையும் சேர்த்தே மொழிபெயர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நான் எங்கள் பக்கத்தில் இப்போது வைத்திருப்பது இது: ‘அலுவலக சர்வர் மூலம். அதில் இல்லாத கோப்புகள் படி சர்வரிலிருந்து நீக்கப்படும். படியனுப்பவா?’ நீக்கப்படும் கோப்புகளின் எண்ணிக்கையும் அடியில் வரும், ஆர்சிங்கை முதலில் எதையும் மாற்றாமல் ஒத்திகையாக ஓட்டினால் அது தெரிந்துவிடும்.

விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும் வகைக்குத் ‘தொடர் படியெடுப்பு’ என்று வைத்திருக்கிறேன். மூலத்துக்குப் படி எவ்வளவு நேரம் பிந்தியிருக்கிறது என்று காட்டும் ‘ரெப்ளிகேஷன் லேக்’ மட்டும் இன்னும் உறுத்துகிறது. ‘படிச்சுணக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன். ‘படிச்சுணக்கம் 40 நொடி’ என்று திரையில் வந்தால் உங்களுக்குச் சட்டென்று புரிகிறதா?