‘யாராவது மிரட்டினார்களா?’

அமெரிக்காவில் பல வருடமாகக் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். வழக்கு விவரத்தை வெளியே பேசக்கூடாது. அதனால் ஊர், பேர், குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் ஒரே ஒரு காலைப்பொழுதை மட்டும் சொல்கிறேன்.

அந்தத் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வராந்தா பெஞ்சில் வக்கீல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "அக்கா, சத்தியமா நான் செய்யல" என்றான். பேசுபவர் ‘நான்’ என்றால் நாங்களும் ‘நான்’ என்றே பெயர்க்க வேண்டும் என்பதால், "சத்தியமாக நான் செய்யவில்லை" என்று வக்கீலிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் கணக்கைச் சொன்னார். இன்றைக்கே ஒப்புக்கொண்டால் ஆறு மாதம். விசாரணைக்குப் போய்த் தோற்றால் ஐந்து வருடம் வரை.

"ஒரே குத்தத்துக்கு எப்படிக்கா ரெண்டு தண்டனை?"

கேள்வி என்னிடம்தான் வந்தது. ஆனால் நான் பதில் சொல்லக்கூடாது, அதையும் பெயர்க்கத்தான் வேண்டும். "ஒப்புக்கொள்பவர்களுக்குச் சலுகை" என்றார் வக்கீல். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தோற்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு அது சலுகையாகத் தெரியவில்லை. ஆறு மாதம் போதும் என்று அரசுத் தரப்பே நினைக்கிற குற்றத்துக்கு, மிச்ச நாலரை வருடமும் விசாரணை கேட்டதற்கான தண்டனைதான்.

இது புதிதும் இல்லை. கென்டக்கி மாநிலத்தில் பால் ஹேய்ஸ் என்பவர் மீது 88 டாலர் 30 சென்ட்டுக்கு ஒரு போலிக் காசோலை வழக்கு. ஒப்புக்கொண்டால் ஐந்து வருடம் கேட்பதாகவும், மறுத்தால் பழைய தண்டனைகளைக் காட்டித் தொடர் குற்றவாளி என்று வழக்குப் போடுவதாகவும் அரசு வக்கீல் முகத்துக்கு நேரே சொன்னார். ஹேய்ஸ் மறுத்தார். ஆயுள் தண்டனை கிடைத்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது செல்லும் என்றது. 2012-இல் அதே நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் குறிப்பிட்ட கணக்குப்படி, மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெறுபவர்களில் 97 சதவீதம் பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதம். அரசியல் சாசனம் கொடுத்த ஜூரி விசாரணையைக் கண்ணால் பார்ப்பவர்கள் மிகச் சிலர்.

தம்பி கடைசியில் சரி என்றான். ஊரில் அம்மாவுக்கு ஐந்து வருடம் என்னவென்று சொல்வது என்று மட்டும் கேட்டான். படிவத்தைப் பக்கம் பக்கமாகத் தமிழில் படித்துக் காட்டினேன். நாடு கடத்தப்படலாம் என்ற வரி வந்தபோது மறுபடி படிக்கச் சொன்னான். படித்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டான். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது.

உள்ளே போனோம். நீதிபதி நிதானமாக, மரியாதையாகத்தான் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்: "ஒப்புக்கொள்ளச் சொல்லி உங்களை யாராவது மிரட்டினார்களா? கட்டாயப்படுத்தினார்களா?"

அவன் நீதிபதியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்பது எங்கள் பயிற்சி. வக்கீல் மெல்ல அவன் முழங்கையைத் தொட்டார்.

"இல்லை" என்றான்.

"நோ" என்றேன்.