லாரி ஓட்டிய கானா பாடகரின் கேசட்டுகள்: குரலை எப்படி மீட்பது?

கேள்வி (காசிமேடு)
பெரியப்பா ஹார்பர் டிரெய்லர் டிரைவர். சாவு வீட்டுல ராத்திரி ஆர்மோனியம் வச்சு கானா பாடுறவர். இன்னும் மூணு வாரத்துல முப்பதாம் நாள், படத்திறப்பு. அவர் குரல் 14 கேசட்டுல மட்டும்தான் இருக்கு, எல்லாம் வண்டி கேபின்ல கிடந்தது. நாலுல வெள்ளையா பூசணம், ஒண்ணுல டேப் அறுந்திருக்கு. ஓடுற ஒண்ணுல குரல் கீச்சுனு வருது, அவர் குரலே இல்ல. என்ன செய்யணும்?

பதில் (ராயபுரம்)
முதல்ல எல்லாக் கேசட்டிலும் மேல் ஓரத்துல இருக்கிற ரெண்டு பிளாஸ்டிக் காதையும் உடைச்சிடுங்க, தவறி ரிக்கார்டு பட்டன் அழுத்தினாலும் அழியாது. பூசணம் உள்ளதை மெஷின்ல போடவே கூடாது. டேப்பைப் படிக்கிற ஹெட்டுல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். காத்துப் புகாத டப்பாவுல ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லோட ரெண்டு மூணு நாள் வைங்க, வெயில்ல வேண்டாம். அப்புறம் மாஸ்க் போட்டுக்கிட்டு, சுருள்ல இருக்கிற பொடியை மெல்லிய பிரஷ்ஷால தட்டிவிட்டு, அஞ்சு ஸ்க்ரூ உள்ள நல்ல கேசட் கூட்டுக்குள்ள சுருளை மாத்துங்க. கடல் காத்துல பழைய கூட்டோட ஸ்க்ரூவும் உருளைக் கம்பியும் துருப்பிடிச்சிருக்கும். கேபின் சூட்டுல கூடு கோணும், டேப்பை ஹெட்டோட அழுத்துற பஞ்சும் பசை விட்டு விழுந்திடும். சத்தம் மங்கி மங்கி வர்றது பெரும்பாலும் அதனாலதான்.

அறுந்ததை செல்லோ டேப் போட்டு ஒட்டாதீங்க, பசை கசிஞ்சு அடுத்த சுத்தோட பிடிச்சுக்கும். கேசட் டேப்பை ஒட்டவே விக்கிற 3.81 மி.மீ. ஸ்ப்ளைசிங் டேப் வாங்கி, ஹெட்டுல படாத பக்கம் ஒட்டணும்.

பதில் (வியாசர்பாடி)
கீச்சுனு வர்றதுக்குக் காரணம் பேட்டரி. ரிக்கார்டு பண்ணப்போ பேட்டரி இறங்கி டேப் மெதுவா ஓடியிருக்கும், இப்ப சரியான வேகத்துல ஓடினா குரல் ஏறித் தெரியும். அதை கேசட் டெக்குல (பிளேயர்ல) சரி பண்ணப் பாக்காதீங்க. இரைச்சல் குறைக்கிற டால்பி பட்டனை ஆஃப் பண்ணி, டெக்கோட லைன் அவுட்ல இருந்து கம்ப்யூட்டருக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலா எடுங்க, மணிக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேல ஆகும். ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னாடி ஹெட் பக்கத்து ஸ்க்ரூவை மெல்லத் திருப்பி, ‘ஸ்’ சத்தம் கூர்மையா கேக்குற இடத்துல நிறுத்துங்க.

அவர் ஆர்மோனியம் வீட்டுல இருக்கா? அதுதான் அளவுகோல். டேப்புல கேக்குற அதே கட்டையை அழுத்திப் பாருங்க. டேப்புல சுருதி அரைக் கட்டை ஏறியிருந்தா, ஆடாசிட்டிங்கிற ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ‘சேஞ்ச் ஸ்பீடு’ல (புதுப் பதிப்புல ‘சேஞ்ச் ஸ்பீடு அண்ட் பிட்ச்’) 5.6 சதவீதம் குறைங்க. வெறும் ‘சேஞ்ச் பிட்ச்’ வேண்டாம், சுருதி மட்டும் இறங்கி தாளம் ஓட்டமாவே நிக்கும். பேட்டரி போகப் போக இறங்குறதால பாட்டு முடிவுல இன்னும் ஏறியிருக்கும், துண்டு துண்டா திருத்தணும்.

கேட்டவர்
ஆர்மோனியம் இருக்குண்ணா, ஆனா உள்ள சத்தம் எழுப்புற பித்தளை ரீட் சிலதுல களிம்பு.

பதில் (வியாசர்பாடி)
நுனியில களிம்போ தூசியோ ஏறின ரீட் சுருதி இறங்கும். அதனால ஒண்ணை நம்பாம நாலஞ்சு ரீட்டை ஒத்துப் பாருங்க. சுரண்டாதீங்க. கரண்ட்டுல ரிக்கார்டு பண்ணின கேசட்டா இருந்தா இன்னும் சுலபம்: அடியில கேக்குற ‘ம்ம்’ இரைச்சல் 50 ஹெர்ட்ஸ்ல இருக்கணும். ஆடாசிட்டியில ‘பிளாட் ஸ்பெக்ட்ரம்’ (Plot Spectrum) படத்துல அது 53னு காட்டினா வேகம் 6 சதவீதம் அதிகம்.

பதில் (மூலக்கொத்தளம்)
ஒவ்வொரு பாட்டும் பாடின தேதியையும் பிடிச்சு வைங்க தம்பி. மரண கானாவுல இறந்தவர் பேரும் தெருவும் பெரும்பாலும் வந்திடும். கேட்டு எழுதிக்கிட்டுப் போனா, மூலக்கொத்தளத்துலயோ காசிமேடு கல்லறையிலயோ கல்லு இருந்தா தேதி கிடைக்கும். பெரியப்பாவோட டிரிப் நோட்டுல அன்னிக்கு ராத்திரி லோடு இல்லையான்னு ஒத்துப் பாருங்க. படத்திறப்புல போடுறதுக்கு முன்னாடி அந்தந்த வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கணும், அது அவங்க வீட்டு ஒப்பாரி.