சிங்கப்பூர் கப்பல்: எந்த ஊரில் கப்பல் டூர் எடுக்கலாம், எந்த ஊரில் நாமே சுற்றலாம்?

தண்டையார்பேட்டை_ரவி

எல்லாருக்கும் வணக்கம். மே கடைசி வாரம் சிங்கப்பூர்ல ஏறி சிங்கப்பூர்லயே இறங்குற 5 ராத்திரி கப்பல் புக் பண்ணியிருக்கோம். நடுவுல மூணு ஊர். போர்ட் கிளாங் காலை 8 முதல் மாலை 6. பினாங்கு காலை 8 முதல் மாலை 5. புக்கெட் காலை 9 முதல் ராத்திரி 7.

அஞ்சு பேர் போறோம்: நான், மனைவி, 11 வயசு, 6 வயசுல ரெண்டு பசங்க, 68 வயசு அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதரையில அரை மணி நேரம் நடப்பாங்க, படின்னா பத்துக்கு மேல கஷ்டம். சுத்த சைவம்.

கப்பல் ஆப்ல ஒவ்வொரு ஊருக்கும் பத்துப் பதினஞ்சு ஷோர் டூர் (கரையில இறக்கி ஊர் சுத்திக் காட்டுற கப்பல் கம்பெனி டூர்) இருக்கு. மூணு ஊருக்கும் அஞ்சு தலைக்கும் கூட்டிப் பார்த்தா கேபின் காசுல பாதி வந்துடுது. வெளி ஏஜென்ட் ஒருத்தர் அதுல பாதி ரேட்டுக்கு வேன் தர்றேங்கிறார். மூணுத்துக்கும் கப்பல் டூரே எடுத்துடலாமா, இல்ல எங்கயாவது நாமளே இறங்கிப் பார்த்துக்கலாமா? பசங்களுக்கு பத்துமலை முருகன் கட்டாயம், புக்கெட்ல ஃபி ஃபி தீவும் வேணுமாம்.

காசிமேடு_செல்வம்

ரவிண்ணே, டூர் லிஸ்ட்டை கொஞ்ச நேரம் மூடி வைங்க. மொதல்ல மணிக்கணக்கு போட்டுடுவோம். போர்ட் கிளாங்கை எடுத்துக்கோங்க.

8 மணிங்கிறது கப்பல் பெர்த்துல, அதாவது துறைமுக மேடையில கட்டுற நேரம். நீங்க கரையில கால் வைக்கிற நேரம் வேற. கயிறு கட்டணும், கேங்வே, அதான் ஏறி இறங்குற பாலம், இறக்கணும், துறைமுக அதிகாரிங்க க்ளியரன்ஸ் கொடுக்கணும். அதுக்கப்புறம் கப்பல் டூர் எடுத்தவங்களை நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி மொதல்ல அனுப்புவாங்க. தனியா போறவங்க வெளிய வர்றப்போ 8.45, 9 ஆயிடும். அந்தப் பக்கம் பார்த்தா, 6 மணிக்குக் கிளம்புற கப்பல்ல 5, 5.30க்குள்ள ஏறியாகணும், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 5னே வச்சுக்கோங்க. தனியா போறவங்க அதுக்கும் ஒரு மணி முன்னாடி, அதாவது 4 மணிக்கு டெர்மினல் வாசல்ல நிக்குற மாதிரிதான் ப்ளான் போடணும். ஆக கையில 7 மணி நேரம்.

இப்போ தூரம். பேருதான் கோலாலம்பூர் துறைமுகம். பெரிய பயணிக் கப்பலுங்க நிக்குற டெர்மினல் புலாவ் இண்டாங்கிற தீவுல இருக்கு. அங்கேர்ந்து பத்துமலை சுமார் 75 கிலோமீட்டர். ராயபுரத்துலேர்ந்து காஞ்சிபுரம் போய்ட்டு அதே பகல்ல திரும்புற கணக்குன்னு வச்சுக்கோங்க. ரோடு நல்ல ரோடுதான், இருந்தாலும் போக ஒன்றரை, வர ஒன்றரை. மிச்சம் 4 மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி போனா 3. அதுல ரெண்டு இடம் பார்க்கலாம், பத்துமலையும் ரெட்டைக் கோபுரமும். "ஒரே நாளில் 7 இடங்கள்"னு எவனாவது போட்டிருந்தா அதுல அஞ்சு பஸ் ஜன்னல் வழியா, ஒண்ணு சாக்லேட் கடை. அந்தக் கடைய மட்டும் அவங்க மிஸ் பண்ணவே மாட்டாங்க.

கப்பல் டூருக்கு ஏன் அந்த ரேட்டுன்னா, அவங்க பஸ் லேட்டானா கப்பல் நிக்கும். நிக்க முடியாம போனாலும் அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டு சேர்க்கிற செலவு அவங்களோடது. வெளி வேன் லேட்டானா கேங்வேயைத் தூக்கிடுவாங்க, யாரையும் தேட மாட்டாங்க. மூணு ஊர்ல தூரமும் டிராஃபிக்கும் சேர்ந்து மாட்டுறது போர்ட் கிளாங்ல மட்டும்தான். காசைக் கொட்டறதா இருந்தா அங்க கொட்டுங்க.

பினாங்குல கப்பல் டூர் வேண்டவே வேண்டாம்.

மண்ணடி_பாத்திமா

செல்வம் சொன்ன கணக்கு சரி. பினாங்கை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார், நான் விரித்துச் சொல்கிறேன்.

பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் பியரில் கட்டும். அது ஊருக்கு நடுவே இருக்கிறது. வெளியே வந்தால் மணிக்கூண்டு, கார்ன்வாலிஸ் கோட்டை, அடுத்து லிட்டில் இந்தியா. பீச் ஸ்டேஷனில் இறங்கி மண்ணடிக்கு நடக்கிற தூரம்தான். ஊர்ப் பெயரும் ஜார்ஜ் டவுன், நம்முடையதும் ஜார்ஜ் டவுன். அங்கேயும் ஒரு ஆர்மீனியன் தெரு இருக்கிறது. நம் பாரிமுனைக்காரர்களுக்கு வழி தெரியாத ஊராகத் தோன்றாது.

அம்மாவை வைத்துக்கொண்டு இப்படிப் போகலாம். காலை 9 மணிக்கு குயின் தெரு மகா மாரியம்மன் கோயில். 1833-இல் எழுந்த கோயில், தெரு மட்டத்திலேயே இருக்கிறது, மலை ஏறும் வேலை இல்லை. நம் ஊர் கோயில்கள் மாதிரியே மதியம் நடை சாத்துவார்கள், அதனால் இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பக்கத்திலேயே 1801-இல் நம் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தொழுகை நேரம் தவிர்த்து வெளியாட்களும் பார்க்கலாம், மேலங்கி வாசலில் தருவார்கள். அப்படியே ஆர்மீனியன் தெருவின் சுவரோவியங்கள், பசங்கள் அங்கே போட்டோ எடுத்து ஓய மாட்டார்கள். கால் வலித்தால் ஜார்ஜ் டவுனைச் சுற்றி வரும் கேட் என்ற இலவச பஸ்ஸில் ஏறிக்கொள்ளுங்கள்.

பினாங்கு மலை ரயிலுக்குப் பசங்கள் அடம்பிடித்தால், அதைக் காலையில் முதல் வேலையாக வையுங்கள். ரயில் பயணம் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நேரத்தைத் தின்பது கீழே ஏறவும் மேலிருந்து இறங்கவும் நிற்கிற வரிசை. மே கடைசியில் மலேசியப் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வரலாம். மதியத்துக்கு மேல் போய் மேலே மாட்டிக்கொண்டால் 5 மணிக் கப்பலுக்கு நெஞ்சு படபடக்கும். தண்ணீர்மலை முருகன் கோயிலை யாராவது சிபாரிசு செய்தால் அம்மாவை அழைத்துப் போகாதீர்கள், 513 படி.

கார் விஷயம்: அங்கே எல்லோரும் கார் பிடிப்பது கிராப் என்ற ஆப்பில்தான். சாதாரண கிராப் கார் 4 பேருக்கு. நீங்கள் ஐந்து பேர், ஆறு சீட்டர் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிறோம் என்றால் டிரைவர் ஏற்ற மாட்டார். கிராப் கணக்கைச் சென்னையிலேயே திறந்துவிடுங்கள். ஓடிபி நம் ஊர் நம்பருக்குத்தான் வரும், அங்கே போய் சிம் மாற்றிய பிறகு அது வராது. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் பேங்க் ஆப்பில் திறந்து வையுங்கள்.

சாப்பாடு: பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சைவச் சாப்பாடு கிடைக்கும். மற்ற கடைகளில் காய்கறிப் பொரியல் என்று சொன்னாலும் பெலாச்சான் என்கிற இறால் விழுது சேர்ந்திருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். தாய்லாந்தில் மீன் சாறு இல்லாத சமையலே அரிது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் "ஜே" என்று தாய் மொழியில் எழுதிய கடை இருந்தால் மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது. பூண்டு வெங்காயமும் இருக்காது, அம்மாவுக்கு இன்னும் சந்தோஷம்.

தண்டையார்பேட்டை_ரவி

ரொம்ப நன்றி அக்கா, நன்றி செல்வம். பினாங்கு முடிவாயிடுச்சு, நாமளே போயிடறோம். பத்துமலையில அம்மா என்ன பண்றது? புக்கெட் பத்தி யாரும் சொல்லலையே. ஏஜென்ட் ஃபி ஃபி தீவு ஸ்பீட் போட் 6 மணி நேர டூருன்னு அட்வான்ஸ் கேக்கறார்.

வண்ணை_மாலுமி

அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க சார். முழுசா படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

புக்கெட்ல நிறைய கப்பல் பத்தோங் கடற்கரைக்கு வெளிய நங்கூரம் போட்டு நிக்கும், கரைக்கு டெண்டர்ங்கிற சின்ன போட்லதான் போகணும். சில கப்பல் ஆவ் மகாம் துறைமுகத்துல பெர்த் எடுக்கும். உங்க கப்பல் எதுன்னு டிக்கெட்லயோ ஆப்லயோ பாருங்க, "டெண்டர்"னு போட்டிருந்தா கணக்கே மாறிடும். டெண்டர்ல போக கப்பல்லயே வரிசை எண் டோக்கன் வாங்கணும். கப்பல் டூர் ஆளுங்க மொத போட், மத்தவங்க அப்புறம். 9 மணிக்கு நங்கூரம்னா நீங்க மணல்ல கால் வைக்க 10, 10.30 ஆயிடும். திரும்பவும் அதே க்யூ, அதுவும் வெயில்ல. கடைசி டெண்டர் கப்பல் கிளம்புறதுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி முன்னாடியே போயிடும்.

அடுத்தது அலை. மே மாசத்துலேர்ந்து அக்டோபர் வரைக்கும் அந்தமான் கடல் பக்கம் தென்மேற்குப் பருவக்காத்து. பத்தோங் கடற்கரை நேரா மேற்கப் பார்த்து இருக்கு, அலை நேரா வந்து அடிக்கும். டெண்டர் போட்டும் கப்பலும் ஒரே நேரத்துல ஏறி இறங்காது. போட் மேல வர்றப்போ கப்பல் மேடை கீழ போகும். அந்த அரை விநாடியில காலை எடுத்து வைக்கணும். மாலுமிங்க ரெண்டு பக்கமும் முழங்கையைப் பிடிச்சுக்குவாங்க, ஆனா தூக்கி வைக்க மாட்டாங்க. முழங்கால் வலி உள்ளவங்க மடக்குன காலோட நிக்காம, அவங்க "இப்போ"ன்னு சொல்றப்போ நல்ல காலை முன்ன வைக்கணும், கையில பை எதுவும் இருக்கக் கூடாது. அலை கூடுதலா இருந்தா கேப்டன் டெண்டரையே நிறுத்திடுவார், புக்கெட்டே இல்லாம கப்பல் போயிடும். அப்படி ஆனா கப்பல் டூர் காசு தானா திரும்பி வந்துடும். வெளி ஏஜென்ட் அட்வான்ஸ் வருமான்னு எழுத்துல வாங்கிக்கோங்க, வாட்ஸ்அப் ஆடியோ செல்லாது.

ஃபி ஃபி ஸ்பீட் போட் மே கடைசியில வேண்டாம். ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட, அலை மேல தட்டுத் தட்டுன்னு குதிச்சுக்கிட்டே போகும். இடுப்பு, முதுகு பிரச்னை உள்ளவங்களையும் கர்ப்பிணிங்களையும் போட்காரங்களே ஏத்த மாட்டாங்க. அதுல போயே ஆகணும்னா பசங்களோட நீங்க ரெண்டு பேர்ல ஒருத்தர், கப்பல் டூர்ல மட்டும். கடல் பார்க்கணும்னா பாங் ங்கா வளைகுடா பரவாயில்ல, சுத்தி சுண்ணாம்புப் பாறை மறைப்பு இருக்கறதால தண்ணி அமைதியா இருக்கும். இல்லன்னா புக்கெட் பழைய ஊர், தலாங் ரோடு, சலோங் புத்தர் கோயில். பத்தோங்லேர்ந்து ஊருக்கு நடுவுல மலை ஏறி இறங்கற ரோடு. 15 கிலோமீட்டர்தானேன்னு நினைக்காதீங்க, டிராஃபிக்ல முக்கால் மணி ஆகும்.

இப்போ பலபேர் கோட்டை விடற இடம். மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரே நேரம், தாய்லாந்து ஒரு மணி பின்னாடி. கப்பல் பெரும்பாலும் சிங்கப்பூர் நேரத்துலயே ஓடும். நீங்க கரையில இறங்கின உடனே போன் தானா தாய்லாந்து நேரத்துக்கு மாறிடும். கடைசி டெண்டர் 5.30னு கப்பல் தாள்ல போட்டிருந்து, உங்க போன்ல 5 மணி காட்டினா, கப்பல்ல அப்போ 6. போட் போயி அரை மணி ஆயிருக்கும். தாள்ல போட்டிருக்கறது கப்பல் நேரமா உள்ளூர் நேரமான்னு முந்தின ராத்திரியே கேட்டுக்கோங்க. போன்ல தானா மாறுறதை நிறுத்திடுங்க, இல்லன்னா நூறு ரூபா கைக்கடிகாரம் ஒண்ணைக் கப்பல் நேரத்துல வச்சு அம்மா கையில கட்டிடுங்க.

காசிமேடு_செல்வம்

கடிகாரம் சூப்பர் யோசனை. போன் பத்தி இன்னொண்ணு: கப்பல் நடுக்கடல்ல போறப்போ சாட்டிலைட் வழியா கப்பலுக்குன்னே ஒரு நெட்வொர்க் வரும், போன் தானா அதுல ஒட்டிக்கும். நம்ம ரோமிங் பேக் பெரும்பாலும் அதுக்குச் செல்லாது, பில்லு தாறுமாறா வரும். கப்பல் நகர்ந்த உடனே ஃப்ளைட் மோடு, வேணும்னா கப்பல் வைஃபை மட்டும்.

பத்துமலை: மேல குகைக்கு 272 படி, செங்குத்து. அம்மா ஏற வேண்டாம். ஆனா கீழயே 42.7 மீட்டர் முருகன் சிலை நிக்குது, பக்கத்துல தரைமட்டத்துல கோயில் இருக்கு, ராமாயணக் குகை இருக்கு, நிழல்ல உட்காரலாம். கப்பல் டூர்ல அங்க எவ்வளவு நேரம் நிறுத்தறான்னு புக் பண்றதுக்கு முன்னாடியே கேளுங்க. 45 நிமிஷம்னா பசங்க ஏறி இறங்கறதுக்கே சரியாப் போகும், ஒன்றேகால் மணியாவது இருக்கற டூரா பாருங்க. படியில குரங்கு அதிகம், பிளாஸ்டிக் கவர் சத்தம் கேட்டாலே பிடுங்கிடும். முட்டி தெரியற டிரஸ் போட்ட பெண்கள் வாசல்ல துணி வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும்.

மண்ணடி_பாத்திமா

ரவி தம்பி, விசாவை மறந்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் இருமுறை நுழைகிறீர்கள்: விமானத்தில் ஒருமுறை, கப்பல் திரும்பும்போது மறுமுறை. விசாவில் "மல்டிபிள்" என்று இருக்கிறதா என ஐந்து பேருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். சிங்கப்பூர் வருகைக் கார்டையும் திரும்பும்போது மறுபடி நிரப்ப வேண்டும், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்.

சில கப்பல்களில் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்போது கரைக்குக் கப்பல் கார்டும் பாஸ்போர்ட் நகலும் போதுமா என்று வரவேற்பு மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் கேபினுக்கு வரும் தாளில் அந்தந்த ஊரின் துறைமுக ஏஜென்ட் (கப்பல் கம்பெனியின் உள்ளூர் ஆள்) பெயரும் போன் நம்பரும் இருக்கும். இறங்கும் முன் அதைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் மனைவி போனிலும் வையுங்கள். கப்பலைத் தவறவிட்டால் முதலில் கூப்பிட வேண்டிய நம்பர் அதுதான். பாஸ்போர்ட் கப்பலில் இருந்தால் அவரிடம்தான் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள்.

தண்டையார்பேட்டை_ரவி

விசா பார்த்தேன் அக்கா, அஞ்சும் மல்டிபிள்தான். கிளாங் கப்பல் டூர், பத்துமலையில ஒன்றரை மணி நிறுத்தறது ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுட்டேன். பினாங்கு நாமளே. புக்கெட் டெண்டர்னுதான் போட்டிருக்கு. அன்னிக்கு காலையில அலையைப் பார்த்துட்டு அம்மா கப்பல்லயே இருக்கட்டும்னு மனைவி சொல்றா. ஏஜென்ட்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்.

வண்ணை_மாலுமி

சரியான முடிவு சார். அம்மா கூட யாராவது ஒருத்தர் இருங்க. கப்பல் பாதி காலியா இருக்கற நாள் அதுதான், நீச்சல் குளம் பக்கத்துல நாற்காலி தாராளமா கிடைக்கும்.