நளவெண்பா: 'மல்லிகையே வெண்சங்கா' முதலடியில் மோனை எங்கே?

கத்துக்குட்டி:
ஒரு மாதமாக இரவுச் சாப்பாடு முடிந்ததும் புகழேந்தி நளன் கதையை வெண்பாக்களில் பாடிய நளவெண்பாவை அலகிட்டு, அதாவது அடிகளைச் சீர்களாகப் பிரித்துப் பார்க்கிறேன். பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்கத் தேமா, கூவிளங்காய் என்று சீர்களின் வாய்பாட்டுப் பெயர்கள்தான். இந்தப் பாட்டில் மாட்டிக்கொண்டேன்:

மல்லிகையே வெண்சங்கா வண்டூத வான்கருப்பு
வில்லி கணைதெரிந்து மெய்காப்ப - முல்லையெனும்
மென்மாலை தோளசைய மெல்ல நடந்ததே
புன்மாலை அந்திப் பொழுது

தளை (சீரோடு சீர் இணையும் விதி) எங்கும் தட்டவில்லை. மூன்றாம் அடியில் மென்–மெல்ல, நான்காம் அடியில் புன்–பொழுது, மோனை (சீர்களின் முதலெழுத்து ஒத்துவருவது) தெரிகிறது. முதல் இரண்டு அடியில்? மல்–வண், வில்–மெய். ஒட்டவே இல்லையே. புகழேந்தி கோட்டை விட்டுவிட்டாரா? எதுகையும் (இரண்டாம் எழுத்து ஒத்துவருவது) மல்லி, வில்லி, முல்லை என்று வந்து, பாதியில் மென், புன் என்று மாறுகிறது.

யாப்புப்பித்தன்:
கோட்டை விட்டது நீங்கள்தான் ஐயா. மோனைக்கு மகரமும் வகரமும் இனம். ச–த, ஞ–ந போல. உயிர் மட்டும் ஒத்துவர வேண்டும். அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம். இ, ஈ, எ, ஏ இன்னொன்று. மல்–வண் சரி, வில்–மெய் சரி. முதலடியில் 'வான்' கூடச் சேர்கிறது. இப்படி 1, 3, 4 சீர்களில் மோனை வந்தால் அதற்கு மேற்கதுவாய் என்று பெயர். 'வெண்' சேராது, உயிர் வேறு. எதுகை மாறுவது தப்பில்லை, இது இரண்டு வகை எதுகை வரும் இருவிகற்ப நேரிசை வெண்பா.

பழையசோறு:
மோனையை விடுங்கள், 'நடந்ததே' எங்கே நிற்கிறது பாருங்கள். மல்லிகையைச் சங்காக வைத்து வண்டு ஊதுகிறது, கரும்பு வில்லேந்திய மன்மதன் காவலாக வருகிறான், மாலை தோளில் அசைகிறது, யாரோ நடந்து வருகிறார். யார் என்று மூன்று அடி வரை சொல்லவில்லை. கடைசி மூன்று சீரில்தான் அந்திப் பொழுது வருகிறது. நாலடிக்கு ஒருமுறை முடிந்துபோகும் வெண்பாவில் நானூறுக்கும் மேற்பட்ட பாட்டுக்குக் கதையை இழுத்துப்போக இந்த மாதிரி வித்தை வேண்டும். வெண்பாவின் தளைக் கட்டுப்பாடு இல்லாத விருத்தத்தில் கதை சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை என்பது என் கட்சி.

மல்லிகைச் சங்கை வண்டு பின்பக்கமாக ஊதுகிறதே என்று புலவர் ஒட்டக்கூத்தர் குற்றம் சொன்னதாகவும், பூவின் தேனாகிய கள் குடித்தவனுக்குத் தலை எது கால் எது தெரியுமா என்று புகழேந்தி மடக்கியதாகவும் ஒரு செவிவழிக் கதை உண்டு. நம்பவேண்டாம், ரசிக்கலாம்.

கத்துக்குட்டி:
அட, முதலடியில் மவுக்கு வ, இரண்டாம் அடியில் வவுக்கு ம! தலைகீழாகப் போட்டிருக்கிறார். இதுவரை 'மோனை இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியதையெல்லாம் இனி ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்க வேண்டும். நாளை பால்காரர் நோட்டைக் கேட்காமல் இருந்தால் சரி.