எங்க கடைத்தெருல வேலை செய்யறவங்களுக்கு ஏதாவது பண்ணணும், எங்க ஆரம்பிக்கிறது?

கடைத்தெருக்காரன்:
வணக்கம். கும்பகோணத்துல பாத்திரக்கடை, அப்பா காலத்துலேர்ந்து. எங்க தெரு வியாபாரிங்க சங்கத்துல இந்த வருஷம் என்னைப் பிடிச்சு செயலாளர் ஆக்கிட்டாங்க. வந்த மொத மீட்டிங்லயே நான் வாய வச்சுட்டு சும்மா இல்லாம, ஆளுங்க நிக்கமாட்டேங்கறாங்க நிக்கமாட்டேங்கறாங்கன்னு பொலம்பறோமே, நாம எப்படி வச்சிருக்கோம்னு ஒருநாளாவது பேசியிருக்கோமான்னு கேட்டுட்டேன். காலைல 9 மணிக்கு வந்தா ராத்திரி 9:30, வார லீவு எடுத்தா சம்பளம் கட், பல கடைல பொண்ணுங்களுக்கு பாத்ரூம் கூட கிடையாது, பக்கத்து லாட்ஜுக்கு போய்ட்டு வருதுங்க. "சங்கம் எதுக்கு, லேபர் ஆபீஸர் வேலைய நீ ஏன் பாக்கற"ன்னு ஒருத்தர் எழுந்தே போயிட்டார். ஒறவு கெடாம இத எப்படி கொண்டு போறது? எங்கயாவது இப்படி நடந்திருக்கா?

பழைய சேல்ஸ்கேர்ள்:
அண்ணாச்சி, நான் சொல்லலாம்லா. பதினெட்டு வயசுல திருநெல்வேலி பக்கத்துலேர்ந்து தி.நகருக்கு ஒரு ஜவுளிக்கடைக்கு வந்தவ, ஆறு வருஷம் சேலை செக்‌ஷன். கஸ்டமர் உக்கார மெத்தை, நாங்க நிக்கணும், கஸ்டமரே இல்லன்னாலும் நிக்கணும். சுவத்துல சாஞ்சா போதும், கீழ கேமரா பாத்துட்டு இருக்குறவர் இன்டர்காம்ல கூப்புட்டு "அந்த மூணாவது கவுண்டர்ல பச்சை சேலை, என்ன தூக்கமா"ன்னு கேப்பாரு. பேரு கிடையாது பாத்துக்கிடுங்க, பச்சை சேலை. தண்ணி குடிச்சா பாத்ரூம் போணுமேன்னு மத்தியானம் வரைக்கும் குடிக்கவே மாட்டோம், எனக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தது அப்படித்தான், கால் நரம்பு இன்னும் சுருண்டு கெடக்கு. சம்பளத்த கூட்டுறது அப்புறம் இருக்கட்டும், மொதல்ல ஸ்டூலும் பாத்ரூமும் கேளுங்க. அதுக்கு எந்த மொதலாளியும் நஷ்டம்னு சொல்ல முடியாது.

கணக்குப்பிள்ளை:
அக்கா சொன்னதுல பாதி ஏற்கனவே சட்டம். கடைல உக்கார எடம் குடுக்கணும்னு கேரளால 2018ல மொதல்ல சட்டம் வந்துச்சு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருல ஜவுளிக்கடை பொண்ணுங்க பாத்ரூம் கேட்டு ஆரம்பிச்ச போராட்டந்தான் அதுல போய் முடிஞ்சுது, விஜின்னு ஒரு தையல்கார அம்மா பெண்கூட்டுன்னு சங்கம் வச்சு விடாம நின்னாங்க. தமிழ்நாட்டுல 2021ல கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, எல்லா ஊழியருக்கும் உக்கார எடம் குடுக்கணும். வேலை நேரம் ஒரு நாளைக்கு 8, வாரத்துக்கு 48, அதுக்கு மேல போனா ரெண்டு மடங்கு சம்பளம், வாரத்துல ஒருநாள் சம்பளத்தோட லீவு, இதெல்லாம் 1947லேர்ந்தே இருக்கு. ஆக நீங்க புதுசா எதுவும் கேக்கல சார்.
இஎஸ்ஐ, அதான் ஊழியர்களுக்கான அரசு மருத்துவ இன்சூரன்ஸ், அத பத்தியும் சொல்லிடறேன், எங்கிட்ட வர்ற ஓனருங்க எல்லாம் பயப்படறது இதுக்குத்தான். 10 பேர் இருந்தா கட்டணும், 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு. 15,000 சம்பளம்னா மொதலாளி பங்கு 3.25 சதவீதம், 487 ரூபா 50 காசு, ஊழியர் பங்கு 112 ரூபா 50 காசு. இதுக்கு அந்த பொண்ணுக்கு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளம், குடும்பத்துக்கே வைத்தியம். தீபாவளி அன்னிக்கு ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் குடுத்து போட்டோ எடுக்கறத விட இது எவ்வளவோ மேல்.

சின்னக்கடை முதலாளி:
கணக்கு நல்லாத்தான் இருக்கு தம்பி. என் கடைல நாலே பேர், வாடகை 28,000, கஸ்டமர் வந்து தொட்டுப் பாத்துட்டு போன்ல ஆன்லைன் வெலை காட்டறான். பெரிய கடைக்காரன் 24 மணி நேரம் தொறந்தாலும் யாரும் கேக்கறதில்ல, எங்கிட்ட மட்டும் நியாயம் பேச வந்துடுவீங்க.

கணக்குப்பிள்ளை:
அண்ணே உங்க வருத்தம் நியாயம், நாலு பேருக்கு இஎஸ்ஐ கிடையாதுதான். ஆனா அந்த 24 மணி நேர அனுமதி சும்மா வரல, 2019ல அரசாணை போட்டப்பவே ஆளுங்களுக்கு சுழற்சில வார லீவு, யார் யாருக்கு லீவுன்னு கடைல எழுதி ஒட்டணும், சம்பளம் பேங்க்ல போடணும்னு கண்டிஷன் இருக்கு. நீங்க ஒரு நோட்டு போட்டு வந்த நேரம் போன நேரம் எழுதுங்க, அட்வான்ஸ் எவ்ளோ குடுத்தீங்க எவ்ளோ கழிச்சீங்கன்னு அதுலயே கையெழுத்து வாங்குங்க. சண்ட பாதி அங்கதான் வருது.

கடைத்தெருக்காரன்:
மூணு வாரம் ஆச்சு, அப்டேட் சொல்லணும்ல. சம்பளத்த தொடாம ரெண்டே விஷயம் வச்சேன், ஸ்டூல், அப்புறம் சங்கக் கட்டடத்து பாத்ரூம் சாவி தெருல உள்ள எல்லா பொண்ணுங்களுக்கும். சாவிக்கு ஒருத்தரும் எதிர்ப்பில்ல, கிளீன் பண்றவங்க சம்பளத்துக்கு கடைக்கு நூறு ரூபா, 31 கடை ஒத்துக்கிச்சு. ஸ்டூல்தான் சிக்கல். எழுந்து போனாரே அவரே வாங்கிட்டாரு, ஆறு ஸ்டூல், சந்தோஷமா போய் பாத்தா ஒன்னுமேல தண்ணி கேன், ஒன்னுமேல பில் மெஷின். "யாரும் உக்கார மாட்டேங்கறாங்க"ங்கறார். அவர் கடைல வேலை பாக்கற பொண்ணு அவர் மூஞ்சியவே பாத்துட்டு நிக்குது.

பழைய சேல்ஸ்கேர்ள்:
எப்படி உக்காருவா? அவரு கடைல இருக்கும்போது நீங்க போங்க, மத்தியானம் 3 மணிக்கு, கூட்டம் இருக்காது. "உக்காரும்மா"ன்னு அவரு வாயால சொல்ல வைங்க. போறப்ப அந்த கேன கீழ எறக்கி வச்சுட்டு வாங்க.